பெரியப்பாவின் துப்பாக்கி ஏன் இடப்பக்கம் சுட்டது?



மலர்க் குழுவினர் என்னிடம் "சார், நம்ம மாவட்டத்து வரலாறு பத்தி ஒரு கட்டுரை வேணும்" என்று கேட்டார்கள். அதியமானைப் பற்றியும் ஔவையாரைப் பற்றியும் எழுதத் தமிழ்த் துறை நண்பர்கள் இருக்கிறார்கள். தருமபுரியில் தங்கிப் பாராமகாலுக்கு வரி போட்ட தாமஸ் மன்றோவைப் பற்றி எழுத வரலாற்றுத் துறைக்காரர்கள் இருக்கிறார்கள். நானோ பௌதிகம் படித்தவன். எனக்குத் தெரிந்த வரலாறு ஒரு வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு. அது ஏன் குறி தவறியது, அதைக் கண்டுபிடிக்க நாங்கள் என்ன பாடுபட்டோம், கண்டுபிடித்தபோது யார் தலைகுனிந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை. துப்பாக்கியா என்று முகம் சுளிக்காமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

நம் மண்ணுக்குத் துப்பாக்கி புதிதல்ல. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் போர்கள் நம் ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகளைச் சுற்றியும் நடந்தன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியார் கைக்குப் போனது. 1878இல் ஆயுதச் சட்டம் வந்து, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்று ஆயிற்று. ஆனாலும் பென்னாகரம், அஞ்செட்டி, தளிப் பக்கத்துக் காட்டோர ஊர்களில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து காவல் காத்தவர்களிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்துகொண்டேதான் இருந்தது. லைசென்ஸோடு சிலது, இல்லாமல் பலது.

இந்த நாட்டுத் துப்பாக்கியின் குழலுக்குள் வரி கிடையாது, வழவழப்பாக இருக்கும். வாய்ப்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். உள்ளே சுலபமாக இறங்க வேண்டும் என்பதால் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும். சுட்டதும் அது குழலின் சுவரில் இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு வரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்பச் சுழன்றுகொண்டு, காற்றில் வளைந்து போகும். முப்பது, நாற்பது கஜத்துக்கு மேல் அது எங்கே போகும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது.

இந்த வளைவுக்குக் காரணத்தைச் சோதனை செய்து சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் துப்பாக்கிக் கலையின் புதிய தத்துவங்கள் என்று பொருள்படும் நூலை எழுதினார். குழலுக்குள் திருகு வரி வெட்டி, குண்டைத் தன் பாதையையே அச்சாகக் கொண்டு சுழல வைத்தால் அது நேராகப் போகும் என்பதை விளக்கினார். அந்தத் திருகு வரி உள்ள துப்பாக்கிதான் ரைபிள். இதில் நமக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்த ராபின்ஸ் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்படுத்த இந்தியாவுக்கு வந்து, 1751இல் நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில்தான் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். குண்டு ஏன் குறி தவறுகிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் தமிழ்நாட்டு மண்ணில்தான் கண்மூடினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குறி தவறினால் என்ன ஆகும்? வெறும் காற்றில் போனால் ஒன்றும் ஆகாது. அரைகுறையாகப் பட்டால்தான் ஆபத்து. ஜிம் கார்பெட் 1907இல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ எவரோ சுட்டதில் உடைந்தவை. இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார்.

நம் பக்கத்திலும் அதே கதைதான். பெங்களூரில் வாழ்ந்து நம் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பென்னாகரம், சின்னாறு, ஒகேனக்கல் பக்கமெல்லாம் எழுத்தில் கொண்டுவந்தவர். அவர் பெரும்பாலும் தூக்கியது .405 வின்செஸ்டர் ரைபிள். 1954இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஜவளகிரிப் பெண்புலியின் கதை இருக்கிறது. அதன் ஜோடியைச் சுட்டுவிட்டார்கள். அது தனியாகக் கதறித் திரிந்தது. பிறகு அதையும் ஒருவர் சுட்டார், ஆனால் காயம்தான் பட்டது. அதன் பின்னரே அது ஆட்களை அடிக்கத் தொடங்கியது என்று எழுதுகிறார். ஜவளகிரி அன்று சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 முதல் நம் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறினாலும் பாடம் ஒன்றுதான். தவறிய குறிக்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் சுட்டவன் அல்ல.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1967. நான் நம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெரியப்பாவுக்குப் பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிக் கடலைக்காடும் ராகியும் இருந்தன. அவரிடம் லைசென்ஸ் பெற்ற .315 பி.எஸ்.ஏ. ரைபிள் ஒன்று இருந்தது. ராணுவத்தின் .303 தோட்டாவை வெளியார் வைத்திருக்கக் கூடாது என்பதால், கிட்டத்தட்ட அதே லீ என்ஃபீல்டு இயந்திரத்தில் வேறு தோட்டா போகும்படி இந்தியாவுக்கென்று பர்மிங்ஹாமில் செய்து அனுப்பிய துப்பாக்கி அது. பிறகு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் இந்த .315ஐச் செய்தார்கள். அன்றைக்குப் பன்றி சுடுவதற்குத் தடை இல்லை. பெரியப்பா குறி தவறாதவர் என்று சுற்று வட்டாரத்தில் பெயர்.

அந்த ஐப்பசி மழை முடிந்த சமயம். கடலை பிடுங்கும் நேரத்தில் விடியற்காலை ஒரு தனிப் பன்றி இறங்கியது. வேலையாள் ஒருவர் தகரம் தட்டி விரட்ட, பெரியப்பா எண்பது கஜத்திலிருந்து சுட்டார். பன்றி வலப்பக்கம் தலைவைத்து நின்றிருந்தது. தோளுக்கு வைத்த குறி, வயிற்றில் போய்ப் பட்டது. காயம்பட்ட பன்றி ஓடவில்லை. திரும்பி வந்து அந்த வேலையாளின் தொடையைக் கிழித்துவிட்டது. மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் தப்பியது. ஆனால் அன்றிலிருந்து அவருக்குக் கால் விந்தல்தான்.

பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அவன் நேரங்கெட்ட நேரத்துல தகரத்தத் தட்டுனான், பன்னி நகர்ந்துடுச்சு. என் குறி எப்படிடா தப்பும்?" ஊரும் அதையே சொன்னது. அந்த மனிதர் கட்டுப்போட்ட காலோடு திண்ணையில் உட்கார்ந்து, "ஆமாங்க, எந்தப்புதாங்க" என்றார். அதை என் காதால் கேட்டேன். பன்றி நகரவே இல்லை என்பதையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனால் பெரியப்பாவிடம் யார் சொல்வது?

அந்த நாளில் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம். சீனப் போருக்குப் பிறகு 1963இல் கட்டாயமாக்கி, 1968 வரை அப்படி வைத்திருந்தார்கள். காலையில் பூட்ஸ் மாட்ட முடியாமல் அழுதவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்! எங்களுக்கு .22 ரைபிளில் சுடக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அவில்தார். மீசை பெரிது, பேச்சு சிறிது. என் ஐந்து குண்டும் ஒரு நாள் வட்டத்துக்கு வெளியே ஒரே மூலையில் விழுந்திருந்தன. நான் வெட்கப்பட்டேன். அவர் சந்தோஷப்பட்டார். "அஞ்சும் ஒரே எடத்துல விழுந்தா நீ நல்லாத்தான் சுடுற, துப்பாக்கியத் திருத்திக்கலாம். அஞ்சும் அஞ்சு திக்குல விழுந்தா மொதல்ல காரணத்தத் தேடு. சைட்டுல கை வைக்காத" என்றார். குரூப்பிங் முதலில், திருத்தம் பிறகு. இதுதான் அவர் பாடம்.

நான் தயங்கித் தயங்கி வீட்டுத் துப்பாக்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊருக்கு வரவில்லை, துப்பாக்கியைத் தொடவும் இல்லை. என் நோட்டில் வரிசையாக எழுத மட்டும் சொன்னார். "காசு செலவில்லாதத மொதல்ல பாரு. ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்து. ரெண்ட மாத்துனா எது சரிபண்ணுச்சுன்னு ஒனக்குத் தெரியாது." பௌதிகப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருஷம் கற்றதைவிட அந்த இரண்டு வாக்கியத்தில் அதிகம் கற்றேன்.

வீட்டில் இருந்தது பன்னிரண்டே தோட்டா. லைசென்ஸில் எண்ணிக்கை உண்டு, வாங்கவும் சேலம் போக வேண்டும். பெரியப்பாவைச் சம்மதிக்க வைத்தது என் அப்பா. "அண்ணா, துப்பாக்கிமேல தப்பில்லன்னு தெரிஞ்சா ஒங்களுக்குத்தானே நல்லது" என்றார். அண்ணன் வாயடைத்துப் போனார்.

முதலில் சுடாமல் பார்த்தோம். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, பின்கட்டை ஆடுகிறதா என்று பார்த்தோம். ஆடவில்லை. முன்குறியும் பின்குறியும் நகர்ந்திருக்கின்றனவா? பழைய அடையாளக் கோடு அப்படியே இருந்தது. குழலின் வாய் விளிம்பு தேய்ந்திருக்கிறதா? தோட்டா விடைபெறும் கடைசி இடம் அதுதான். சுத்தம் செய்யும் கம்பி ஒரே பக்கமாக உரசி விளிம்பு தேய்ந்தால், பின்னால் வரும் புகை ஒரு பக்கம் முந்திக்கொண்டு தோட்டாவைத் தள்ளிவிடும். விளிம்பு நன்றாக இருந்தது. குழலுக்குள் துரு? அந்தக் காலத்துத் தோட்டாவின் கேப்பில் இருந்த ரசாயனம் சுட்ட பிறகு உப்பாகப் படியும். எண்ணெய்க்கு அது கரையாது, வெந்நீர் ஊற்றினால்தான் போகும். பெரியப்பா அதில் பொல்லாதவர். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றித் துடைத்துவிடுவார். குழல் கண்ணாடி போல் இருந்தது.

பிறகு மலையடிவாரத்துச் செம்மண் மேட்டில், பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஐம்பது கஜத்தில் அட்டை நட்டோம். மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துப் பெரியப்பா மூன்று சுட்டார். முதல் குண்டு நடுவுக்குப் பக்கத்தில். இரண்டாவது இடப்பக்கம் இரண்டு விரல். மூன்றாவது நாலு விரல். பெரியப்பா முகம் கறுத்தது. "வயசாயிடுச்சு, கை நடுங்குது" என்றார்.

குழல் ஆறும்வரை காத்திருந்து அப்பா சுட்டார். லைசென்ஸில் துணைப் பொறுப்பாளராக அவர் பெயரும் இருந்தது. அவருடைய மூன்றும் அதே மாதிரி, ஒவ்வொன்றாக இடப்பக்கம் நடந்து போயின. அப்படியென்றால் கை அல்ல. அடுத்து வேறு பெட்டியில் இருந்த தோட்டா மூன்று. மறுபடி அதே நடை. அப்படியென்றால் தோட்டா அல்ல. ஒன்பது போயிற்று, மூன்று மிச்சம்.

அன்று இரவு நோட்டைப் புரட்டினேன். ஆறிய குழலில் முதல் குண்டு சரி, சூடு ஏற ஏற ஒரே பக்கம் நகர்கிறது என்றால் குழலை ஏதோ ஒன்று ஒரு பக்கம் தள்ளுகிறது என்று எழுதியிருந்தேன். குழல் சூட்டில் விரியும், சுடும்போது அதிரும். அதற்குச் சுற்றிலும் ஒரே மாதிரி இடம் வேண்டும். ஒரு தபால் கார்டை எடுத்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் செருகிப் பார்த்தேன். இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. வலப்பக்கம் பாதியில் நின்றுவிட்டது. மரம் மழை ஈரம் குடித்து வலப்பக்கம் ஊதி, இரும்பை இடப்பக்கம் நெட்டிக்கொண்டிருந்தது. அடியில் கட்டையையும் இயந்திரத்தையும் பிடிக்கும் திருகாணியும் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

பெரியப்பா உடனே, "அவ்வளவுதானா? முன்குறியத் தட்டி நகர்த்திட்டா சரியாப் போயிடும்" என்றார். நானும் சரி என்றுதான் நினைத்தேன். நல்ல வேளையாக அப்பா சேலத்தில் லைசென்ஸ் வைத்திருந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் கேட்டதும் சிரித்துவிட்டார். "மரம் உசுரோட இருக்குதுங்க. இப்ப முள்ள நகர்த்துனீங்கன்னா, மாசியில மரம் காஞ்சதும் வலப்பக்கம் சுடும். அப்ப மறுபடியும் நகர்த்துவீங்களா?" என்றார். குழலில் விளக்குக் கரியைத் தடவி, கட்டையில் வைத்து எடுத்தார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகச் சுரண்டினார். தபால் கார்டு இரண்டு பக்கமும் சரளமாக ஓடும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தார். பிறகு உள்பக்கம் பச்சை மரம் தெரியாதபடி ஆளிவிதை எண்ணெய் ஏற்றி, திருகாணியை முறுக்கிக் கொடுத்தார். குறிமுள்ளைத் தொடவே இல்லை.

மிச்சமிருந்த மூன்று தோட்டாவையும் பெரியப்பாவே சுட்டார். மூன்றும் ஒரு ரூபாய் நாணயம் மறைக்கிற இடத்தில், நடுவில் விழுந்தன.

எல்லோரும் கைதட்டினோம். பெரியப்பா தட்டவில்லை. அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். நேரே அந்த வேலையாளின் குடிசைக்குப் போனார். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பெரியப்பா தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் அன்றுவரை யாரும் அந்த வாசலில் உட்கார்ந்ததில்லை. "தப்பு ஒன்னுதில்லப்பா. என் துப்பாக்கிது. அதப் பாக்காத என்னுது" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்குப் பன்னி நகரலீங்க" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை அவர் இரண்டு மாதமாக வயிற்றுக்குள் வைத்திருந்தார்.

அறுவடையில் அவருக்குப் பங்கு வைத்தார், மகனைப் பள்ளிக்கூடம் சேர்த்தார். ஆனால் விந்தலைச் சரிசெய்ய எந்த மெக்கானிக்கும் இல்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக் காலம் முடிந்தது. பெரியப்பா துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டார். அன்று வேட்டைக்காரர்கள் அலைந்த காடுகளில் ஒரு பகுதி 2014இல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், இன்னொரு பகுதி 2022 நவம்பரில் காவேரி தெற்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி வனத்துறையும் காவல்துறையும் காட்டோர ஊர்களில் சொல்லிவருகின்றன. ஒப்படைப்பவர்களை நான் வாழ்த்துகிறேன். குறி தவறும் துப்பாக்கி எவ்வளவு பேரைத் தாக்கும் என்பது எனக்குத் தெரியும்.

தம்பி தங்கைகளே, உங்களில் யாரும் துப்பாக்கி தூக்கப் போவதில்லை. ஆனால் மோட்டார், கம்ப்யூட்டர், கணக்கு, நிர்வாகம் என்று ஏதோ ஒன்று உங்கள் கையிலும் ஒரு நாள் குறி தவறும். அப்போது பக்கத்தில் தகரம் தட்டியவனைக் கைகாட்டுவது சுலபம். அவனும் "எந்தப்புதாங்க" என்று சொல்லிவிடுவான், ஏனென்றால் அவனுக்கு வேறு வழியில்லை. அதற்கு முன் ஒரு தபால் கார்டை எடுத்துச் செருகிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காரணம் தெரியாமல் முள்ளை நகர்த்தாதீர்கள்.

அந்த மூன்று ஓட்டை விழுந்த அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சந்திப்பு விழாவுக்குக் கொண்டுவருகிறேன். என்.சி.சி. நண்பர்கள் வந்து பாருங்கள். அந்த அவில்தாரை நினைத்து ஒரு சல்யூட் வைப்போம்.

வளர்க நம் கல்லூரி.